சிஸ்டர் சுப்புலட்சுமியைப் பத்தி பேசலாம் வாங்க: டீச்சராவும் வீட்டு மனுஷியாவும்

மயிலைமீனா எழுதியது:

டிசம்பர் 20 வந்தா சிஸ்டர் சுப்புலட்சுமி போன நாள். 1969ல, வைகுண்ட ஏகாதசி அன்னிக்கு காலமானாங்க. அந்த நாள்ல யாராவது ஒரு போட்டோ போட்டு "1911ல பிரசிடென்சி காலேஜ்ல பட்டம் வாங்கினவங்க, விதவைப் பெண்களுக்கு இல்லம் நடத்தினவங்க, 1958ல பத்மஸ்ரீ"ன்னு மூணு வரி எழுதுவாங்க, நாமளும் கும்பிடு போட்டுட்டு போயிடுவோம். எனக்கு அது போதவே மாட்டேங்குது.

அவங்க பிறந்தது 1886, ஆகஸ்ட் மாசம், மயிலாப்பூர்ல. பூர்வீகம் தஞ்சாவூர் ஜில்லா ரிஷியூர். அப்பா சுப்பிரமணிய ஐயர் என்ஜினியர், அம்மா விசாலாட்சி. படிப்புல கெட்டிக்காரப் பொண்ணு, ஒன்பது வயசுல நாலாங்கிளாஸ் பரீட்சையில செங்கல்பட்டு ஜில்லாவுக்கே முதலா வந்தாங்க. அந்தக் கால வழக்கப்படி பள்ளிக்கூடம் போற வயசுலயே கல்யாணம், கொஞ்ச நாள்லயே அந்தப் பையன் இறந்துட்டாரு. அதுக்கப்புறம் என்ன ஆகியிருக்கணும்னு நம்ம எல்லாருக்கும் தெரியும், ஒரு மூலை, ஒரு வேளைச் சாப்பாடு, நல்ல காரியம்னா கண்ணுல படாம ஒதுங்கிக்கணும், சாகற வரைக்கும் அடுத்தவங்க பிள்ளையை வளர்த்து அடுத்தவங்க அடுப்பை ஊதணும். அந்த வீட்ல அது நடக்கல. அப்பா திரும்பவும் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாரு, அம்மா தடுக்கல, கான்வென்ட்டுக்கு அனுப்பினாங்க, காலேஜுக்கும் அனுப்பினாங்க, ஊர் பேசினது பேசட்டும்னு விட்டாங்க.

அவங்களைப் பத்தி எழுதறவங்க எல்லாம் "குடும்பம்னு ஒண்ணு இல்லாம சேவைக்கே வாழ்ந்தவர்"னு எழுதறாங்க இல்ல, அது எனக்கு உறுத்துது. குடும்பம் இல்லாம அவங்க ஒரு நாள்கூட இருந்ததில்ல. அந்த இல்லமே அவங்க அப்பா வீட்லதான், எழும்பூர்ல, நாலு பொண்ணுங்களோட ஆரம்பிச்சது. உங்களுக்கு தெரிஞ்சதை எழுதுங்க, எங்க வீட்டுப் பெரியவங்க இப்படி சொல்வாங்கன்னு இருந்தாலும் எழுதுங்க.

---

தி.நகர்_தேவி எழுதியது:

நான் உஸ்மான் ரோடு சாரதா வித்யாலயா ஸ்டூடண்ட். இந்த தலைப்பைப் பார்த்ததும் உடம்பு சிலிர்த்துடுச்சு மீனா. எங்க பள்ளிக்கூடத்துக்கு அவங்கதான் மூலம், அப்புறம் ராமகிருஷ்ணா மிஷன் எடுத்து நடத்துது. வித்யா மந்திர்ல படிச்சவங்களும் இங்க இருப்பீங்க, அதுக்கும் அவங்க பங்கு உண்டு, 1956ல மயிலாப்பூர் லேடீஸ் கிளப் ஆரம்பிச்ச பள்ளிக்கூடம்தான் அது, அப்போ கிளப்புக்கு அவங்கதான் தலைவர். எழுபது வயசு அப்போ! எழுபது வயசுல புதுசா ஒரு பள்ளிக்கூடம்!

---

ஓய்வு_ஆசிரியை எழுதியது:

முப்பது வருஷத்துக்கு மேல டீச்சரா இருந்தவ நான், அதனால அந்தப் பக்கத்தை சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க.

1910 வாக்குல பொண்ணுங்களுக்கு பள்ளிக்கூடம் திறக்கணும்னா பெரிய பிரச்சனை கட்டடமோ பணமோ இல்ல, டீச்சர்தான். ஆம்பிளை வாத்தியார் சொல்லித்தர்ற இடத்துக்கு வயசு வந்த பொண்ணை அனுப்ப மாட்டாங்க. பொம்பளை டீச்சர் வேணும்னா பொம்பளை படிச்சிருக்கணும், ஆனா பன்னெண்டு வயசுக்குள்ள கல்யாணம் பண்ணி அனுப்பிட்டா எங்கேயிருந்து படிக்கிறது? அதனால இருந்த டீச்சர்ல நிறைய பேர் மிஷனரி அம்மாக்களும் கிறிஸ்தவப் பெண்களும்தான், அவங்க மேல ஆசாரமான குடும்பங்களுக்கு மத பயம். ஆக பள்ளிக்கூடம் திறந்தாலும் பொண்ணுங்க வரல. மிஸ் லிஞ்ச்னு ஒரு அம்மா, பெண்கள் பள்ளிக்கூடங்களுக்கு இன்ஸ்பெக்டரா இருந்தவங்க, இதையே நினைச்சு தவிச்சுக்கிட்டு இருந்தாங்க. சிஸ்டரும் அவங்களும் சந்திச்சது நம்ம ஊர்ப் பொண்ணுங்க செஞ்ச புண்ணியம்.

ஒவ்வொரு அக்ரகாரத்துலயும் வீட்டு மூலையில சின்னச் சின்ன பொண்ணுங்க விதவையா உக்காந்திருக்காங்க, அவங்களைப் படிக்க வச்சு டீச்சராக்கினா அவங்களுக்கு சொந்தக் கால்ல நிக்க ஒரு சம்பளம், ஊருக்கு பொம்பளை டீச்சர். ஒரு ஏற்பாட்டுல ரெண்டு கஷ்டமும் தீருது. காலையில எதிர்ல வந்தா சகுனம் சரியில்லன்னு வீட்டுக்குள்ள திரும்பிப் போனாங்களே, அதே ஜனங்க அதே பொண்ணு கையில தங்களோட குழந்தையை ஒப்படைச்சாங்க. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு கண்ணு கலங்கும்.

1912ல சாரதா லேடீஸ் யூனியன், இல்லம் எல்லாம் ஆரம்பம். அரசாங்கம் உதவிக்கு வந்துச்சு, பொண்ணுங்க கூடிக்கிட்டே போனாங்க, வீடு பத்தல, மாத்தி மாத்தி கடைசியா கடற்கரையில ஐஸ் ஹவுஸுக்கு போனாங்க. 1922ல லேடி வெலிங்டன் டிரெயினிங் காலேஜ், அதுக்கு சிஸ்டர்தான் முதல் பிரின்சிபால். பட்டம் வாங்கினவங்களுக்கும் பயிற்சி, சின்ன வகுப்பு எடுக்கப் போறவங்களுக்கும் பயிற்சி, பக்கத்துலயே மாடல் ஸ்கூல். பாடம் நடத்தற பழக்கம் அங்கேயே வந்துடும். இன்னிக்கும் பி.எட். படிக்கிறவங்க டீச்சிங் பிராக்டிஸ்னு போறாங்களே, அது எவ்வளவு முக்கியம்னு கிளாஸ்ல நின்னு நடுங்கினவங்களுக்குத்தான் தெரியும்.

---

கடற்கரைநடை எழுதியது:

ஐஸ் ஹவுஸ் பத்தி ஒரு வார்த்தை. மெரினாவுல இருக்கற விவேகானந்தர் இல்லம்தான் அது. 1842ல அமெரிக்காவுல இருந்து கப்பல்ல வந்த ஐஸ் கட்டியை வைக்கறதுக்கு கட்டினது. அப்புறம் பிலிகிரி ஐயங்கார் வாங்கி வீடாக்கினாரு, 1897ல விவேகானந்தர் வந்து தங்கினாரு. பேர் 1963ல மாறுச்சு. அந்தப் பக்கம் நடக்கும்போது பசங்களுக்கு இதெல்லாம் சொல்வேன், ஆனா நடுவுல இவ்வளவு வருஷம் அங்க பொண்ணுங்க தங்கிப் படிச்சாங்கன்னு சொன்னா எல்லாரும் அப்படியான்னு கேக்கறாங்க. 1914ல குயின் மேரீஸ் காலேஜ் அதே கடற்கரை ரோட்டுல வந்துச்சு, இல்லத்துல இருந்து நடந்தே போயிடலாம். ஸ்கூல், காலேஜ், டிரெயினிங் எல்லாமே ஒரே ரோட்டுல. மொத்த வாழ்க்கையையும் ஒரு சமையக்கட்டுல முடிச்சிருக்க வேண்டிய பொண்ணு அந்த ரோட்டுல கையில புத்தகத்தோட நடந்து போயிருக்கா.

---

செந்தில்_மதுரை எழுதியது:

எல்லாரும் நல்லா எழுதறீங்க. நான் ஒண்ணு கேக்கணும், யாரும் கோவிச்சுக்காதீங்க. அந்த இல்லத்துல பிராமண விதவைகளுக்கு மட்டும்தானே இடம் இருந்துச்சு? அரசாங்கப் பணம் எல்லார் வரியில இருந்தும் வந்தது. மத்த சாதிப் பொண்ணுங்களுக்கு படிப்பு வேண்டாமா? அந்த அம்மா மேல எனக்கு மரியாதை உண்டு, அந்த வயசுல அப்படி ஒரு இழப்பைத் தாண்டி வந்தது சாதாரணம் இல்ல. ஆனா நினைவு கூறும்போது இதை விட்டுட்டு நினைவு கூறினா பாதி ஆளைத்தான் நினைக்கிறோம்னு அர்த்தம்.

---

மயிலைமீனா எழுதியது:

செந்தில் தம்பி, நீங்க கேட்டது நியாயம்தான். ஆரம்பத்துல அது பிராமண விதவைகளுக்கான இல்லம்தான், அதை மறைச்சுப் பேசறது அவங்களுக்கே மரியாதை இல்ல. குழந்தைக் கல்யாணமும் மறுமணம் கூடாதுங்கற கட்டுப்பாடும் அந்த சாதியில ரொம்ப இறுக்கமா இருந்தது, ஆசாரம் கெட்டுப்போகும்னு பயந்தா ஒருத்தரும் பொண்ணை அனுப்ப மாட்டாங்க, அதனால அந்த சமையல், அந்த மடி, அந்த விரதம் எல்லாத்தையும் உள்ளேயே வச்சு நடத்தினாங்க. இது காரணம். ஆனா வெளிய நின்ன பொண்ணுக்கு இந்தக் காரணம் சோறு போடாது, அதையும் நான் ஒத்துக்கறேன்.

அவங்க அதோட நிக்கல, அதையும் சேர்த்துப் பாருங்க. அரசாங்க இல்லத்துல வயசு கூடின பெண்களைச் சேர்க்க முடியலன்னுதான் சாரதா வித்யாலயா பக்கம் போனாங்க. வேலையில இருந்து ஓய்வு பெற்ற பிறகு 1942ல மயிலாப்பூர்ல ஸ்ரீவித்யா கலாநிலையம்னு வயசு வந்த பெண்களுக்கு ஒரு பள்ளிக்கூடம். 1954ல தாம்பரம் பக்கத்துல மாடம்பாக்கம் கிராமத்துல பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு நல மையம் வர்றதுக்கு அவங்க முக்கிய காரணம். வீட்டுக்குள்ள நாலு பொண்ணுன்னு ஆரம்பிச்சு, தன்னோட சாதின்னு இருந்து, பட்டணம்னு விரிஞ்சு, கிராமம் வரைக்கும் போயிருக்காங்க. மெதுவாத்தான். இன்னும் வேகமா போயிருக்கலாம்னு நீங்க சொன்னா நான் சண்டைக்கு வரமாட்டேன்.

---

செந்தில்_மதுரை எழுதியது:

நன்றி அக்கா. மாடம்பாக்கம் விஷயம் எனக்குப் புதுசு. இப்படி நேரா பதில் சொல்றது பிடிச்சிருக்கு.

---

கோதாவரி எழுதியது:

எங்க பூர்வீகம் ஆந்திரா, அதனால எனக்கு வேற ஒரு சந்தேகம். ராஜமுந்திரியில வீரேசலிங்கம் பந்துலு 1881லயே விதவைக்கு மறுமணம் பண்ணி வச்சாரு. சட்டம் 1856லயே வந்தாச்சு. புனேவுல கார்வே தானே ஒரு விதவையை கல்யாணம் பண்ணிக்கிட்டு, 1896ல விதவைகளுக்கு இல்லமும் ஆரம்பிச்சாரு. சிஸ்டர் ஏன் மறுமணத்தைக் கையில எடுக்கல? படிப்பு கொடுத்தா போதுமா, அந்தப் பொண்ணுங்களுக்கு ஒரு துணை வேண்டாமா?

---

ஓய்வு_ஆசிரியை எழுதியது:

கோதாவரி, இதை நானும் ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன். சட்டம் இருந்தது ஏட்டுல. மறுமணம் செஞ்சுக்கிட்ட குடும்பத்தை சாதியை விட்டே தள்ளி வச்சாங்க, வீரேசலிங்கம் எவ்வளவு எதிர்ப்பு வாங்கினாருன்னு உங்களுக்கே தெரியும். "அந்த இல்லத்துக்கு அனுப்பினா மறுமணம் பண்ணி வச்சிடுவாங்க"ன்னு ஒரே ஒரு வதந்தி கிளம்பியிருந்தா மறுநாளே அப்பாமார்கள் வந்து பொண்ணுங்களை கூட்டிட்டு போயிருப்பாங்க. முதல்ல வீட்டை விட்டு வெளிய வரணும், எழுத்து தெரியணும், சம்பளம் கையில வரணும், அப்புறம் அந்தப் பொண்ணு என்ன செய்யணும்னு அவளே முடிவு பண்ணிக்கட்டும். என் கணிப்புல இதுதான் அவங்க போட்ட பாதை. சம்பாதிக்காத பொண்ணுக்கு மறுமணம்னா ஒரு வீட்டு தயவுல இருந்து இன்னொரு வீட்டு தயவுக்கு மாத்தறது மட்டும்தான். ஆனாலும் நீங்க கேட்ட "துணை வேண்டாமா"ங்கற கேள்விக்கு என்கிட்ட முழுசா பதில் இல்ல.

---

வைகைக்கரை எழுதியது:

நான் இங்க எழுதணுமா வேண்டாமான்னு ரொம்ப நேரம் யோசிச்சேன். எங்க தாத்தாவோட அக்கா ஒருத்தங்க இருந்தாங்க, நான் சின்னப்பையனா இருக்கும்போது ரொம்ப வயசாகி படுத்திருந்தாங்க. புருஷன் முகமே ஞாபகம் இல்லாத வயசுல விதவை. எந்த இல்லத்துக்கும் போகல, யாரும் அனுப்பல, அப்படி ஒண்ணு இருக்குன்னே வீட்ல தெரிஞ்சிருக்காது. ஆயுசு முழுக்க தம்பி வீட்ல வேலை செஞ்சாங்க. பிரசவம்னா அவங்க, காய்ச்சல்னா அவங்க, முறுக்கு சுத்தறதுன்னா அவங்க, ஆனா கல்யாணப் பந்தல்ல அவங்க இல்ல. நியூஸ் பேப்பரை மடியில வச்சுக்கிட்டு படத்தை மட்டும் பார்ப்பாங்க. ஒரு நாள் என்கிட்ட "இது என்ன எழுத்துடா"ன்னு கேட்டாங்க, நான் விளையாடப் போற அவசரத்துல "ம"ன்னு சொல்லிட்டு ஓடிட்டேன். அவங்க அதை விரலால தடவிக்கிட்டே இருந்தாங்கன்னு எங்க அம்மா பின்னாடி சொன்னாங்க.

சிஸ்டர் வீட்டுக்கு வந்த அந்த முதல் நாலு பொண்ணுங்களைப் பத்தி படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பாட்டிதான் ஞாபகம் வரும். ஒரு அப்பா சரின்னு சொன்னாரு, ஒரு அப்பா சொல்லல, வித்தியாசம் அவ்வளவுதான்.

---

தி.நகர்_தேவி எழுதியது:

வைகைக்கரை அண்ணா, படிச்சிட்டு கொஞ்ச நேரம் எதுவும் டைப் பண்ண முடியல.

---

சட்டம்_படிக்கிறேன் எழுதியது:

குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்துல அவங்க பங்கை யாரும் சொல்லலையே. 1928ல இதைப் பத்தி விசாரிக்க அரசாங்கம் போட்ட ஜோஷி கமிட்டி ஊர் ஊரா வந்து சாட்சியம் கேட்டாங்க, அங்க சிஸ்டர் போய் பேசினாங்க. 1929ல சட்டம் பாஸ் ஆச்சு, 1930 ஏப்ரல்ல அமலுக்கு வந்துச்சு, பொண்ணுக்கு 14, பையனுக்கு 18. இன்னிக்கு கேட்டா 14ஆன்னு தோணும், ஆனா எட்டு வயசு, ஒன்பது வயசுன்னு நடந்துக்கிட்டு இருந்த நாட்டுல அது பெரிய தாண்டல். கவர்ன்மென்ட் வேலையில இருந்ததால பெண்கள் சங்கத்துல வெளிப்படையா மெம்பரா சேர முடியாத நிலைமை, ஆனாலும் கூட நின்னு வேலை பார்த்தாங்க. பின்னாடி 1952ல இருந்து 1956 வரைக்கும் சென்னை மாநில சட்ட மேல்சபைக்கு நியமன உறுப்பினர்.

முத்துலட்சுமி ரெட்டியும் இவங்களும் ஒரே வருஷம் பிறந்தவங்கங்கறது கவனிச்சீங்களா? 1886 ஜூலை ஒருத்தங்க, ஆகஸ்ட் ஒருத்தங்க. ஒருத்தங்க டாக்டர், ஒருத்தங்க டீச்சர்.

---

மயிலைமீனா எழுதியது:

ரொம்ப நல்ல விஷயம் தம்பி, ரெண்டு பேரும் கூட சேர்ந்து வேலை செஞ்சவங்கதான்.

இப்போ நான் முதல்ல கேட்டதுக்கே திரும்ப வர்றேன், வீடு. யாருமே சித்தியைப் பத்தி எழுதல, அதனால நானே எழுதறேன். வாலாம்பாள். சிஸ்டரோட அம்மாவுக்கு தங்கச்சி, அவங்களும் சின்ன வயசுலயே விதவையானவங்க. இல்லம் ஆரம்பிச்சப்போ சமையல், சாமான், பொண்ணுங்க உடம்பு, அழற பொண்ணை சமாதானம் பண்றது, எல்லாம் சித்தி பொறுப்பு. சிஸ்டர் காலையில பள்ளிக்கூடத்துக்கு கிளம்பிப் போக முடிஞ்சதுன்னா உள்ள சித்தி இருந்தாங்கங்கறதாலதான். படிக்காத சித்தியும் படிச்ச பொண்ணும் சேர்ந்து நடத்தின குடும்பம் அது. அம்மாவை விட்டுட்டு வந்த ஏழு எட்டு வயசுப் பொண்ணுங்களும் இருந்திருக்கு, அதுங்க ராத்திரி எழுந்து அழுதா பிரின்சிபால் என்ன பண்ண முடியும், சித்திதான் பண்ண முடியும்.

அதனாலதான் "குடும்பம் துறந்தவர்"ங்கற வார்த்தை எனக்கு ஒப்பல. கல்யாணம் பண்ணி பிள்ளை பெத்தாத்தான் குடும்பஸ்தின்னு நாம ஒரு கணக்கு வச்சிருக்கோம். அப்பா அம்மாவுக்கு பொண்ணா இருந்தாங்க, தங்கச்சிங்களுக்கு அக்காவா இருந்தாங்க, சித்தியோட கடைசி வரைக்கும் ஒட்டிக்கிட்டு இருந்தாங்க, வந்த பொண்ணுங்களுக்கு எல்லாமா இருந்தாங்க. அந்தப் பொண்ணுங்க படிச்சு முடிச்சு வேலைக்குப் போய் ஒவ்வொரு ஊர்லயும் பள்ளிக்கூடத்துல நின்னாங்க. அது வம்சம் இல்லாம வேற என்ன?

---

ஓய்வு_ஆசிரியை எழுதியது:

மீனா, இதை எழுதினதுக்கு உனக்கு ஒரு நமஸ்காரம். நான் வேலைக்குப் போன அத்தனை வருஷமும் எங்க மாமியார்தான் என் குழந்தைகளைப் பார்த்துக்கிட்டாங்க. எனக்கு நல்லாசிரியர் விருது கொடுத்தப்போ அவங்களை மேடைக்கு கூப்பிடணும்னு எனக்குத் தோணுச்சு, ஆனா கார்டுல ஒரு பேர்தான் இருந்துச்சு. ஒவ்வொரு பேர் வாங்கின டீச்சருக்குப் பின்னாடியும் பேர் வராத ஒரு சித்தி உண்டு. 1920ல சிஸ்டருக்கு அரசாங்கம் கைசர்-இ-ஹிந்த் தங்க மெடல் கொடுத்துச்சு இல்ல, அந்த மெடலை அவங்க வீட்ல சித்தி கையிலயும் ஒரு தடவை கொடுத்துப் பார்த்திருப்பாங்கன்னு நான் நினைச்சுக்கறேன், அப்படி நினைச்சா எனக்கு நிம்மதியா இருக்கு.

---

கோதாவரி எழுதியது:

என் கேள்விக்கும் இதுல ஒரு பதில் இருக்கு. துணைன்னா புருஷன் மட்டும்தானான்னு இப்போ நானே கேட்டுக்கறேன். அதுக்காக மறுமணம் வேண்டாம்னு சொல்ல வரல, ரெண்டு வாசலும் திறந்திருக்கணும்.

---

கடற்கரைநடை எழுதியது:

வர்ற ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எங்க நடைக்குழு விவேகானந்தர் இல்லத்துல ஆரம்பிச்சு லேடி வெலிங்டன் வாசல் தாண்டி குயின் மேரீஸ் வரைக்கும் போறோம். இந்தத் தடவை சிஸ்டர் கதை மட்டும்தான். வைகைக்கரை அண்ணா, உங்க பாட்டி கதையையும் சொல்லலாமா? பேர் ஊர் எதுவும் வராது.

---

வைகைக்கரை எழுதியது:

சொல்லுங்க. பசங்க கூட வந்தா அந்த "ம" விஷயத்தை கட்டாயம் சொல்லுங்க.

---

தி.நகர்_தேவி எழுதியது:

நான் என் பொண்ணை கூட்டிட்டு வர்றேன், அவ ஒன்பதாங்கிளாஸ். சித்தி கதையை அவகிட்ட சொன்னேன், "அப்போ ஸ்கூல்ல ஏன் அவங்க போட்டோ இல்ல"ன்னு கேக்கறா. மீனா, வாலாம்பாள் அம்மாவோட போட்டோ யார்கிட்டயாவது இருக்குமா? இல்லத்துல படிச்சவங்களோட பேரன் பேத்தி யாராவது இதைப் பார்த்தா வீட்டு ஆல்பத்துல பழைய குரூப் போட்டோ இருக்கான்னு கொஞ்சம் தேடிப் பாருங்க, கிடைச்சா இங்கயே போடுங்க.